சாக்குக் கொங்காணியும் மலை மழையும்

“வருகின்ற விடுமுறையில் நாற்பது பேர் சிவனொளிபாத மலைக்குப் போகின்றோம். நல்ல மழையங்கி வாங்குவதற்கு எங்களிற் பலரிடம் வசதி இல்லை. குறைந்த செலவில் யாது செய்யலாம்?” என்று மாணவர் ஒருவர் எமக்கு எழுதியிருக்கின்றார். கடிதம் மூன்றே வரிகள். மூன்று வரிகளில் மறுமொழி கூற எம்மால் இயலவில்லை. அதற்குக் காரணம் அதே மலையில் நாம் ஒருமுறை பட்ட பாடு.

2024ஆம் ஆண்டு, சித்திரைப் புத்தாண்டு கழிந்த கிழமை. எமது தமையனாரின் புதல்வனும் நாமும் அற்றன்வரை புகையிரதத்திலும், அங்கிருந்து மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்கு பஸ்ஸிலும் போய்ச் சேர்ந்தோம். பெறாமகனுக்கு அப்போது வயது பதினாறு. கனடாவிலுள்ள மாமனார் அனுப்பிய குளிர்ச்சட்டை ஒன்றை அவன் அணிந்திருந்தான். உள்ளே பஞ்சு, வெளியே பளபளக்கும் துணி, கழுத்துவரை இழுத்து மூடும் சிப். பார்ப்பவர் இரண்டாம் முறையும் திரும்பிப் பார்க்கும் சட்டை அது. எம்மிடம் இருந்ததோ ஒரு குடை. பின்னேரம் நான்கு மணிக்கு ஏறத் தொடங்கினோம். இரவை மேலேயுள்ள மடம் ஒன்றிற் கழித்து, விடியலிற் சூரியோதயம் காண்பது எமது திட்டம்.

சித்திரை மாதத்தில் மலைநாட்டு வானம் காலையிற் சிரிக்கும், மாலையில் இடிக்கும் என்பதை அறியாதவரல்லர் நாம். இரண்டு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட காலம் அது. அறிந்திருந்தும் அந்நேரத்தில் ஏறினோம் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகின்றோம். சீதகங்குலையைக் கடந்து சிறிது தூரம் சென்றதும் மழை பிடித்துக்கொண்டது. குடையை விரித்தோம். படிகளில் மேலேறுவோரும் கீழிறங்குவோருமாய் ஒரே நெரிசல். குடைக்கம்பி ஓர் அம்மையாரின் கொண்டையிற் சிக்கியதோடு அதன் பயன் முடிவுற்றது. சற்று மேலே காற்று அதை உள்வெளியாகப் புரட்டிவிட்டது. நனைந்தவாறே ஏறினோம். நடப்பதினால் உடம்பு சூடாகவே இருந்தது. ஆகையால் பயம் தோன்றவில்லை. பெறாமகனும் சிப்பைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு எமக்கு முன்னே விரைந்து போனான்.

இந்திக்கட்டுப்பானையில் அவனைக் கண்டபோது தேநீர்க் கடையோரம் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்திருந்தான். பல் கிட்டி நடுங்கிக்கொண்டிருந்தான். “என்னடா தம்பி?” என்று வினவினோம். மறுமொழி குழறலாக வந்தது. தேநீர்க் கோப்பையைக் கொடுத்தால் விரல்கள் அதைப் பற்ற மறுத்தன. அந்த விலையுயர்ந்த சட்டையின் சிப்பை நாம்தான் இழுத்துத் திறந்தோம். வெளியே எவ்வளவு ஈரமோ உள்ளேயும் அவ்வளவு ஈரம். மழை ஒரு பங்கு, அவனுடைய வியர்வை ஒரு பங்கு. உள்ளிருந்த பஞ்சு தண்ணீரைக் குடித்துப் பாறாங்கல்லாய்க் கனத்தது.

எமக்குக் கை கால் ஓடவில்லை. அப்போது பக்கத்தில் ஒதுங்கி நின்ற முதிய அம்மையார் ஒருவர், “தம்பிக்கு வெறைக்குதுங்க ஐயா. மொதல்ல ஈர உடுப்பக் கழட்டுங்க. தேத்தண்ணி அப்புறம்” என்றார். மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில் நெடுங்காலம் கொழுந்தெடுத்து ஓய்வு பெற்றவர். பேரப்பிள்ளைகளோடு யாத்திரை வந்திருந்தார். தம் பொதியிலிருந்து உலர்ந்த கம்பளி ஒன்றை எடுத்துப் பிள்ளையைச் சுற்றினார். அதற்குமேல் ஓர் உரச்சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலைமுதல் இடுப்புவரை போர்த்தினார். நாம் அவன் கைகளைத் தேய்க்கப் போனோம். “தேய்க்காதீங்க, சும்மா அணைச்சுப் புடிங்க” என்று தடுத்துவிட்டார். அவ்வாறே செய்தோம். விழுங்கக்கூடிய தெளிவு வந்தபின் இஞ்சி போட்ட பிளேன்ரீயில் சீனியை அள்ளிப் போட்டுச் சிறிது சிறிதாகக் குடிக்கக் கொடுத்தோம். அரை மணி நேரத்திற் பேச்சுத் தெளிந்தது. ஒரு மணி நேரத்தில் ரொட்டி கேட்டான்.

தேய்க்கக் கூடாது என்று அவ்வம்மையார் கூறியது இன்றைய வைத்தியமும் கூறுவதே. உடற்சூடு குன்றியவரின் கைகால்களைத் தேய்ப்பதும், நெருப்பருகே வைத்துச் சுடவைப்பதும், சாராயம் பருக்குவதும் கேடு. ஈரத்தைக் களைந்து, காற்றை மறைத்து, உடம்பின் நடுப்பாகத்தை மெல்ல மெல்லச் சூடாக்கவேண்டும். இன்னொன்றையும் இளைஞர்கள் மனத்திற் பதித்துக்கொள்ளல் வேண்டும். நடுக்கம் தொல்லையானதுதான், ஆனால், உடம்பு இன்னும் போராடுகின்றது என்பதற்கு அது அடையாளம். குளிரில் இருப்பவர் சூடேறாமலே நடுங்குவதை நிறுத்தித் தள்ளாடவும் உளறவும் தொடங்கினால், அதுவே பேராபத்து. உடனே கீழே கொண்டுபோய் வைத்திய உதவி தேடவேண்டும்.

வெப்ப நாட்டில் குளிரால் ஆபத்தா என்று வியப்போர் உளர். நல்லதண்ணிக்கும் 2243 மீற்றர் உயரமான உச்சிக்கும் இடையே ஏறத்தாழ 1000 மீற்றர் ஏற்றம் உண்டு. அவ்வளவு உயர்ந்தால் வெப்பநிலை ஏறக்குறைய ஆறு பாகை செல்சியஸ் இறங்கும். அதன்மேல் காற்று. அதன்மேல் ஈரம். தண்ணீர் அசையாத காற்றைவிட இருபத்தைந்து மடங்கு விரைவாகச் சூட்டைக் கடத்திச் செல்வது. பருத்தித் துணியும் டெனிமும் அத்தண்ணீரை விடாப்பிடியாகப் பிடித்து வைத்துக்கொள்பவை. நடக்கும்வரை உடம்பு சூட்டை ஆக்கித் தந்து குறையை மறைக்கும். நின்றவுடன் கணக்குத் தீர்க்கப்படும். பெறாமகன் மழையில் நடந்தபோது விறைக்கவில்லை; கல்லில் உட்கார்ந்த பிறகே விறைத்தான்.

பெருவிலைச் சட்டை கைவிட, காசில்லாச் சாக்கு காப்பாற்றியது ஏன்? மாமனாரின் சட்டையைக் குறை கூறுதல் நியாயமன்று. அது உறைபனி நாட்டில் தெருவில் நடப்பதற்குத் தைக்கப்பட்டது, படியேறுவதற்கன்று. நாற்புறமும் மூடிய எந்த உடுப்பும் ஏறுபவனின் வியர்வையை வெளியே விடாது. கொங்காணியோ முன்புறம் திறந்தது, கீழ்ப்புறம் திறந்தது. மழை விழுவது தலையிலும் தோளிலும் முதுகிலும். அவற்றை மட்டும் அது மறைக்கும். மற்றப் பக்கமெல்லாம் காற்று புகுந்து வியர்வையை வாரிக்கொண்டு போகும். இரு கைகளும் விடுபட்டிருக்கும். கொழுந்தெடுப்பவருக்குக் குடை உதவாது என்பதைச் சொல்லவும் வேண்டுமா? விரல்கள் பத்தும் செடியிலே வேலை செய்யவேண்டும், முதுகிலே கூடையும் தொங்கவேண்டும், மழையும் படக் கூடாது. மலைநாட்டின் மேற்குச் சரிவுகளிற் சில இடங்களில் ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பொழிகின்றது. அம்மழையில் நாள் முழுதும் நின்று வேலை செய்தோர் தேர்ந்தெடுத்த வடிவம் அது. நமக்கு மழை ஓர் உல்லாசப் பயணத்தின் இடையூறு. அவர்களுக்கோ அன்றாடக் கூலியின் ஒரு பகுதி.

அந்த உடுப்புக்கு ஒரு வரலாறும் உண்டு. கோப்பிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து வந்தோருக்குத் தோட்டங்களிற் கறுப்புக் கம்பளி கொடுக்கப்பட்டது. அதன் விலையும் அவர்களது பற்றிலேயே எழுதப்பட்டது. குளிருக்குப் போர்வையும் மழைக்குக் கொங்காணியும் அந்த ஒரே கம்பளிதான். ஆட்டுமயிர்த் துணி நனைந்தாற் பெருஞ்சுமையாகும். எனினும் நனைந்த நிலையிலும் சிறிது சூட்டைக் காத்து நிற்கும். பருத்திக்கு அக்குணம் இல்லை. பின்னர் சணற்சாக்கு வந்தது. இப்போது பொலித்தீன் உள்ளுறை கொண்ட உரச்சாக்கு. பொருள் மாறிற்று, மடிப்பு மாறவில்லை.

இன்னும் பின்னோக்கிச் சென்றால் தாளிப்பனை. 1660ஆம் ஆண்டு முதல் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கண்டி இராச்சியத்திற் சிறையிருந்த றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், 1681இல் வெளியான தமது நூலில் தாளிப்பனை ஓலையைப் பற்றி வியந்து கூறுகின்றார். ஓர் ஓலை பதினைந்து இருபது பேரை மழையிலிருந்து மறைக்கும் என்பது அவர் கூற்று. அதனை விசிறிபோல் மடக்கலாம், கனமும் இல்லை. வழிப்போக்கர் அதன் துண்டொன்றைக் கூர்ப்பக்கம் முன்னிருக்கத் தலைமேல் வைத்துக்கொண்டு பற்றையை ஊடறுத்துச் செல்வர். அரசனின் படைவீரரும் அதையே கொண்டு சென்று, பகலில் மழையையும் இரவிற் பனியையும் தடுத்துக்கொண்டனர். இலேசாகவும் மலிவாகவும் கூரிய தலையுடனும் அமைந்த மழைக்காப்பு இந்நாட்டு மலைகளுக்குப் புதியதன்று என்பது இதனாற் புலனாகும்.

உலகிலேயே மிகுதியாக மழை பெய்யும் இடங்களுள் ஒன்றான சிரபுஞ்சிப் பக்கத்திலும் இதே கதைதான். அங்கு வயலில் வேலை செய்யும் காசி மக்கள் மூங்கிலாலும் இலையாலும் பின்னிய, படகைக் கவிழ்த்தாற் போன்ற ‘க்னுப்’ என்னும் காப்பை முதுகில் அணிகின்றனர். அதுவும் முன்னே திறந்தது. அதுவும் கைகளை விடுவிப்பது. ஒருவரை ஒருவர் அறியாத இரு மலைநாட்டார் ஒரே முடிவுக்கு வந்திருக்கின்றனர் என்றால், அம்முடிவிற் சரக்கு இருக்கத்தானே வேண்டும்!

இனி, மாணவரின் வினாவுக்கு வருவோம். 50 கிலோ உரச்சாக்கு ஒன்றை உள்ளுறையோடு பெற்றுக்கொள்ளுங்கள். வெளிச்சாக்கு பின்னல், அதனூடு தண்ணீர் மெல்லக் கசியும். உள்ளுறையே தண்ணீரைத் தடுப்பது. ஆனால், அது முள்ளுக்குக் கிழியும். இரண்டும் சேர்ந்திருந்தால் ஒன்றின் குறையை மற்றது நிறைவு செய்யும். சாக்கின் அடிப்பக்கம் தைத்து மூடியிருக்கும், வாய் திறந்திருக்கும். அடிப்பக்கத்து மூலைகள் இரண்டில் ஒன்றை உள்ளே தள்ளி, மற்ற மூலைக்குள் நன்றாகப் பொருத்துங்கள். இரட்டை மடிப்புள்ள கூர்முடி ஒன்று உண்டாகும். அதனைத் தலையில் இட்டால் இரு விளிம்புகளும் தோள்வழியே முன்னே தொங்கும். வெட்டு இல்லை, தையல் இல்லை. காற்று வீசினால் இடுப்பில் ஒரு சணற்கயிறு. பள்ளிச் சிறுவன் ஒரு நிமிடத்திற் கற்றுக்கொள்வான். எமக்கு மூன்று முறை தேவைப்பட்டது.

சாக்கைப் பலமுறை கழுவி வெயிலில் உலர்த்தாமற் போடக் கூடாது. எஞ்சியுள்ள உரம் ஈரத்தோடு சேர்ந்து தோலைக் கடிக்கும். பூச்சிநாசினி வந்த பையை எவ்வளவு கழுவினாலும் தொடவேண்டாம்.

சாக்கு கிடையாத நகரத்தார் இரும்புக் கடையில் பொலித்தீன் விரிப்பை அளந்து வாங்கலாம். 200 கேஜ், அதாவது 50 மைக்ரோன் தடிப்பு போதும். இரண்டு மீற்றர் நீளமும் ஒன்றரை மீற்றர் அகலமும் கொண்ட துண்டின் நிறை ஏறக்குறைய 140 கிராம். மடித்தால் காற்சட்டைப் பையினுள் அடங்கும். நீளத்தைப் பாதியாக மடித்து, மடிப்பு முதுகுப் பக்கம் இருக்குமாறு வைத்து, மேல் விளிம்புகள் இரண்டையும் மடிப்பிலிருந்து ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவாக ஒட்டுங்கள், தலைக்கூடு ஆயிற்று. ஊசியாற் தைக்கவேண்டாம், ஊசித் துளை வழியே ஒழுகுவதோடு, அந்த வரிசையிலேயே கிழியும். இரு பக்கமும் கடதாசி வைத்து, மிதமான சூடுள்ள இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும். முதலில் ஒரு வெட்டுத் துண்டிற் பழகிப் பாருங்கள். வீட்டாரின் இஸ்திரிப் பெட்டியைப் பாழாக்கிவிட்டு எமது பெயரைச் சொல்லவேண்டாம்.

குப்பை கட்டும் பெரிய பையில் தலைக்கும் கைக்கும் துளை வெட்டி அணிவாரும் உளர். பெரியவர்களுக்கு அவசரத்துக்கு அது உதவும். சிறு குழந்தைகளின் தலைவழியே எந்தப் பொலித்தீன் பையையும் மாட்டுதல் கூடாது, மூச்சடைக்கும். கொங்காணியில் முகம் முழுதும் திறந்திருப்பது அதன் இன்னொரு சிறப்பு. ஆயினும் விளக்கும் கற்பூரமும் எரியும் இடத்தில் அதனைக் கழற்றிவிடுங்கள். பொலித்தீன் எரிந்தால் உருகித் தோலோடு ஒட்டும். இறங்கும்போது விளிம்பு முழங்காலுக்குக் கீழே தொங்கினாற் கால் தடுக்கும்; இடுப்புக் கயிற்றிற் செருகிவிடுங்கள். இடி மின்னலுக்கு மட்டும் எந்த உடுப்பும் காப்பன்று. மடத்தினுள்ளோ கட்டடத்தினுள்ளோ ஒதுங்கி, இரும்புக் கைபிடிகளை விட்டு விலகி நில்லுங்கள். மார்கழிப் போயாவுக்கும் வைகாசி விசாகத்துக்கும் இடைப்பட்ட யாத்திரைக் காலத்திலேயே விளக்கும் கடையும் உண்டு. மற்ற மாதங்களில் நாற்பது மாணவர் ஏறுவதை நாம் ஒப்போம்.

இவ்வளவையும் கூறிய பின்பும், இவை யாவற்றிலும் முதன்மையானது வேறொன்று என்பதே எமது எண்ணம். ஓர் உலர்ந்த சட்டை, ஒரு சாரம், முடிந்தால் ஒரு கம்பளிச் சட்டை: இவற்றை ஒரு பொலித்தீன் பையிலிட்டு வாயை முறுக்கிக் கட்டிப் பொதியின் நடுவே வையுங்கள். பை ஒன்றே ஒன்றுதான் உங்களிடம் இருக்குமாயின், அது உங்கள் தலைக்கன்று, அந்த உலர்ந்த சட்டைக்கு உரியது. நனைந்துகொண்டு நடக்கலாம், நனைந்துகொண்டு உறங்க முடியாது. அன்று பெறாமகனைக் காத்தது சாக்கா, கம்பளியா என்று எம்மைக் கேட்டால், சாக்கினுள் உலர்ந்திருந்த கம்பளி என்போம்.

அடிவாரத்தில் விற்கப்படும் மெல்லிய, ஒருநாள் மழையங்கிகளை நாம் விரும்புவதில்லை. காற்றிற் கிழிகின்றன, கிழிந்தவை படியோரத்திற் கிடக்கின்றன. களனியும் களுகங்கையும் ஊற்றெடுக்கும் மலைத்தொடர் அது. 2010இல் உலக மரபுரிமையாகவும் ஏற்கப்பட்டது. 20 மைக்ரோனும் அதற்குக் குறைந்ததுமான பொலித்தீனுக்கு 2017இல் அரசாங்கம் தடை விதித்ததும் இத்தகைய குப்பையைக் கருதியே. தடித்த விரிப்பு ஒன்றை வாங்கி, உலர்த்தி, மடித்துப் பத்துத் தடவை பாவிப்பவன் மலைக்கும் தன் சட்டைப்பைக்கும் நன்மை செய்கின்றான். ஓட்டன் சமவெளிக்குப் போகிறவர்கள், வாயிலிலே பைகளைச் சோதித்துப் பொலித்தீன் மேலுறைகளைக் களைந்தெடுப்பார்கள் என்பதையும் நினைவில் வைத்து, மழைக்காப்பை அங்குள்ளோரிடம் முன்னதாகவே காட்டிக் கேட்டுக்கொள்ளுதல் நன்று.

மறுநாட் காலை இறங்கும்போதும் தூறல் விட்டபாடில்லை. பெறாமகன் சாக்கைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினான். “இதைப் போட்டுக்கொண்டு போனால் ஆக்கள் படம் எடுத்துச் சிரிப்பினம், சித்தப்பா” என்று எம் காதோடு முணுமுணுத்தான். அம்மையாரின் காது கூர்மையானது.

“எங்கள நெதமுந்தான் படம் புடிக்கிறாங்க, தம்பி. புடிக்கிறவுங்க நனைஞ்சு போயிர்றாங்க, நாங்க நனையிறதில்ல” என்றார்.

பிள்ளை ஒன்றும் பேசாமல் சாக்கைத் தலையிலிட்டுக்கொண்டான். வழியில் இருவர் படம் எடுக்கவும் செய்தனர். கம்பளியை அங்கேயே திருப்பிக் கொடுத்துவிட்டோம். சாக்கை மட்டும், “மழ விடலியே, வச்சுக்கங்க ஐயா. அடுத்த வருசம் வருவீங்கல்ல, அப்பக் குடுங்க” என்று சொல்லிவிட்டுப் பேரப்பிள்ளைகளின் பின்னே போய்விட்டார். பெயரையும் தோட்டத்தையும் கேட்டு வைக்கவேண்டும் என்ற அறிவு எமக்கு அற்றனுக்கு வந்த பிறகே உதித்தது.

2025இல் மறுபடியும் ஏறினோம். இந்திக்கட்டுப்பானைத் தேநீர்க் கடையில் இரண்டு மணி நேரம் இருந்து பார்த்தோம், அவர் வரவில்லை. கடைக்காரருக்கும் அடையாளம் தெரியவில்லை. சாக்கைப் பெறாமகன் கழுவி உலர்த்தி, நான்காக மடித்து, தன் புத்தக அலுமாரியின் மேற்றட்டில் வைத்திருக்கின்றான். அடுத்த முறை ஏறும்போதும் அது எங்கள் பொதியில் வரும்.

அட்டைக்கடிக்குச் சவர்க்காரமா, உப்பா, தேசிக்காயா என்று கேட்டெழுதிய இரத்தினபுரி அன்பருக்கு அடுத்த கிழமை மறுமொழி கூறுவோம்.